சுமைதாங்கிக் கல்லுக்கு ஓர் உறவுக்காரர்

உடையப்பன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரமே அவர் விட்டுப்போன தொல்லை மகனிடம் வந்து சேர்ந்தது.

மகன் பொன்ராஜ் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியர். 1962-இல் சித்தையன்கோட்டைப் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தும் வேலை அவன் பொறுப்பில் இருந்தது. ஜல்லி இறங்கிவிட்டது. ரோடு ரோலர் வந்து நிற்கிறது. குறுக்கே ஒரு சுமைதாங்கி: இரண்டு கல்தூண், மேலே படுக்கைவாட்டில் ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பாராமல் இறக்கி வைக்கத் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று அவள் வீட்டார் நடுகிற கல் அது.

வேலையாட்கள் அதில் கடப்பாரை வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

"எடுக்கக் கூடாதுன்னு சொல்லல சார்," என்றான் மேஸ்திரி வீரப்பன். "அந்தப் பொம்பளையோட சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து பால ஊத்தி உத்தரவு குடுக்கட்டும். செத்த நேரத்துல எடுத்துருவோம்."

"யாரு அவ?"

"அது உங்க அப்பாவுக்குல்ல தெரியும்."

அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் அந்த நாட்களில் பொன்ராஜுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதும் வந்தது.

உடையப்பன் கத்தரிக்காய் வியாபாரி. தோட்டத்தில் வாங்கி, கூடையைத் தலையில் வைத்து, சின்னாளபட்டிச் சந்தைக்கு நடந்தே போவார். வழியில் அந்தக் கல்லில் கூடையை இறக்கி வெற்றிலை போடுவார். அப்புறம் எதிரே வருகிறவரைப் பிடித்துக்கொள்வார். "இந்தத் தாயி எந்த ஊரு அப்பு?" அவர் ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். பஸ் வந்த பிறகும் நடந்தார். மகன் சத்தம் போட்டபோது, "பஸ்ஸு அந்தக் கல்லுகிட்ட நிக்காதுடா," என்றார். முன்பின் தெரியாத ஊரின் எழவு வீடுகளுக்கும் போனார். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த மகனைப் பார்க்க வந்தவர், ஹாஸ்டல் சமையல்காரரை ஓரங்கட்டி, உங்க ஊரில் எவளும் அப்படிச் செத்தாளா என்று விசாரித்தார். பொன்ராஜின் அம்மா அலுத்துப்போய்க் கேட்பாள்: "செத்தவளத் தேடுற மனுசன் இருக்கிறவளுக்கு நாலு காய் மிச்சம் கொண்டாந்தா என்ன?" காய் வியாபாரி வீட்டில் பல நாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருக்காது.

அவர் யாரைக் கண்டுபிடித்தார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பொன்ராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கிழக்கே இருந்த ஊரில் டீக்கடைக்காரர் சோலைமுத்து யோசிக்கவே இல்லை. "அய்யம்மாள்ல அது? எங்க ஊருப் பிள்ளைதான். புருசன் வண்டியில ஏத்த மாட்டேன்னுட்டான். அம்புட்டுத் தூரம் நடந்து அங்கன விழுந்தா."

"சொந்தக்காரங்க?"

"பூராம் மேற்க போயிட்டாக."

மேற்கே இருந்த ஊரில் அதைக் கேட்டுக் கோபப்பட்டார்கள். "நாங்க பிள்ளத்தாச்சிய நடக்க விடுற ஆளுகளா? அவ பேரு பொன்னழகு. கிழக்க வாக்கப்பட்டா. மாமியா படுத்தின பாட்டுல போனா. அங்க போயிக் கேளுங்க." தெற்கே போனான். அங்கே அவள் பேச்சியம்மாள். தாது வருசத்துப் பஞ்சத்தில் கூலிக்குச் சுமை தூக்கிச் செத்தவள். தவறு மற்ற இரண்டு ஊர்க்காரர்களுடையது.

சர்வேயில் மூன்று இடத்திலிருந்து ஒரு புள்ளியைக் குறிபார்த்தால் மூன்று கோடும் ஓரிடத்தில் வெட்ட வேண்டும். வெட்டவில்லை. அப்படியானால் கருவியில் பிழை. பொன்ராஜ் அங்கேயே நின்று, கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"இத உங்களுக்கு யாரு சொன்னது?"

"காய்க்காரரு உடையப்பந்தான். நல்ல மனுசன். இப்ப ஆளவே காணும்?"

திரும்பி மற்ற இரண்டு ஊருக்கும் மிதித்தான். அங்கும் அதே பதில். சோலைமுத்து மட்டும் கொஞ்சம் விளக்கினார். "கேட்டா எங்களுக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவோம். அவரு விட மாட்டாரு. பக்கத்து ஊர்ல இன்னமாதிரி சொல்றாகளே, ஒருவேளை அவளா இருக்குமோம்பாரு. பாவம், வெயில்ல வந்துருக்காரேன்னு நாங்களும் ஆமாம்போம். கூட ரெண்டு சேத்தும் சொல்லுவோம்."

ஒரு ஊர்க் கதையை அடுத்த ஊரில் இறக்கி, அங்கே கிடைத்ததை இன்னொரு ஊருக்குச் சுமந்திருக்கிறார். அளக்கப் போனவரே எல்லைக்கல்லைப் பிடுங்கி மாற்றி மாற்றி நட்டுவிட்டார். அதற்கு முன் உண்மை என்று ஏதாவது இருந்திருந்தாலும் இனி அதை எடுக்க முடியாது.

சாலைக்குத் திரும்பியபோது பொன்ராஜின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "சொந்தக்காரன் கிடையாது," என்று வீரப்பனிடம் கத்தினான். "ஊர்ல இருக்கிற கதை பூராம் எங்கப்பா கட்டினது. கல்ல எடுங்க."

யாரும் எழவில்லை. ஜல்லிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த சித்தாள் ஒச்சம்மாள் மட்டும் பேசினாள்.

"இம்புட்டு வருசம் ஒரு ஆளு ஊரு ஊராப் போயி இவ எங்க பொறந்தா, எப்பிடிச் செத்தான்னு கேட்டுருக்காரு. கூடப் பொறந்தவன் கேப்பானா? எனக்கும் மூணு அண்ணன் இருக்கானுக. உசுரோட இருக்கேனான்னு ஒருத்தன் கேக்கல. நீங்க என்னடான்னா சைக்கிள எடுத்துக்கிட்டுச் சொந்தக்காரனத் தேடுறீக. மொட்டத்தலையோட இங்கன நிக்கிறது யாராம்?"

"அப்பா யாரோ, இவ யாரோ."

"சரி. அப்ப ரோலரத் திருப்பி அனுப்புங்க."

சிரிப்பு கேட்டது. பொன்ராஜ் சிரிக்கவில்லை. டீக்கடையிலிருந்து பால் வந்தது, பாதி தண்ணீர். டம்ளரைக் கையில் வாங்கிக் கல்லின் முன் நின்றான். பலகைக்கல்லின் நடுவில் கூடை உரசி உரசி ஓர் இடம் வழுவழுப்பாகியிருந்தது.

"பேரச் சொல்லி ஊத்துங்க சார்," என்றான் வீரப்பன்.

பேர் மூன்று இருந்தன. மூன்றும் அப்பா கொடுத்தவை. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டு ஊரும் நாளைக்குச் சண்டைக்கு வரும்.

"பேரு வேண்டாம்."

"பின்ன எப்பிடிக் கூப்புடுவீகளாம்?" என்றாள் ஒச்சம்மாள்.

அவன் பாலைச் சாய்த்தான்.

"எந்திரிங்க அத்தை," என்றான் சிடுசிடுப்பாக. "தள்ளி உக்காருங்க. ரோடு போடணும். அப்பா இனிமே வரமாட்டாரு."

கடைசிப் பேச்சு அவன் நினைத்துவைத்தது அல்ல. டம்ளர் காலியான பிறகும் சாய்த்தபடியே நின்றான்.

ஒச்சம்மாள் எழுந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக," என்று ஆண்களை விரட்டினாள். "பலகைக்கல்ல மொதல்ல இறக்குங்க. பையப் பையப் பிடிங்க."