தன் குரலை வெட்டி எறிந்த பிலோமினா

பிலோமினா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி அந்தோணி போனில் சொன்னபோது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் காதுகுத்தலை நான் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனவர், பத்தியச் சாப்பாடு அலுத்துப்போய்ச் சீக்கிரமே திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். “அக்கா போயிட்ச்சி சார்” என்றார் அந்தோணி. குழந்தை அழுது ஓய்ந்து, பந்தியில் இலை போடுகிற வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தி.நகரில் எங்கள் மாடியறைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் பிலோமினாவைத் தெரியும். கேம்கார்டரில் எடுத்த பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியில் பதிந்து தருவது எங்கள் தொழில். கம்ப்யூட்டர் என் பொறுப்பு, கேசட்டும் கேமராவும் அவர் பொறுப்பு. கல்யாண வீடியோக்காரர்களுக்கு லைட் பிடிக்கப் போய், அப்படியே கேமராவையும் பிடித்தவர். தினமும் ஊரூர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார்.

இந்த வேலையில் அவசரம் செல்லாது. ஒரு மணி நேரக் கேசட் கம்ப்யூட்டரில் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம், நான் போவேன். பிலோமினா அசையமாட்டார். கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பார். மொட்டைமாடியில் யாரோ வடாம் பிழிவதைக்கூட முழுசாகப் பார்ப்பார். ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன், “அந்த மாமி என்ன உங்களுக்கு அத்தை முறையா?”

“பேசிக்கினு இருக்கறவங்கள வுட்டுட்டு எழுந்து போனா நல்லாவா கீது சார்?”

“நீங்க போனது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நமக்குத் தெரியும் இல்ல?”

மயிலாப்பூர் வீடுகளிலிருந்து வரும் கேசட்டுகளில் அந்துருண்டை வாசனை தூக்கலாக இருக்கும். பட்டுப்புடவையோடு சேர்த்து பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கடல் காற்று பீரோவுக்குப் பயப்படுமா? பூசணம் பிடித்துவிடும். பிலோமினா கேசட்டைத் திறந்து, நாடாவைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பார்: “பொடவைய நல்லாத்தான் காப்பாத்தி வெச்சிகிறாங்க. கட்டிக்கினவங்களுக்குத்தான் பூசணம் பூத்துப்போச்சி.”

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பேசி அனுப்புவதைப் படம் பிடிக்கவும் அவர்தான் போவார். கேமராவைப் பார்த்ததும் ஆங்கிலம் பேச ஆரம்பிக்கும் அப்பாக்கள், “நன்னா சாப்பிடு” என்பதற்கு மேல் வார்த்தை வராத அம்மாக்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர்தான் பேச்சை இழுப்பார். “கொழந்தைக்கு இன்னா பேரு வெச்சிகிறாங்க? சொல்லுங்கம்மா.” பிறகு இங்கே வந்து, தன் குரல் வரும் இடங்களையெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டச் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றால் கேட்கமாட்டார். “என் கொரலுக்கு அமெரிக்காவுல இன்னா சார் வேலை?” என்பார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது அந்தோணி என்னைத் தனியாக அழைத்தார்.

“அம்மாக்குக் கண்ணு தெரியாது, உங்களுக்கே தெரியும். போட்டோவ வெச்சி அது இன்னா பண்ணும்? அக்கா கொரலு கேக்கணும்னு அழுவுது. நீங்க எத்தினியோ பேர ஏத்திகிறீங்க. எங்கக்கா எங்கயாச்சும் இருக்காதா சார்?”

இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பதாம் நாள் பூசைக்குள் எப்படியும் தந்துவிடுவதாகவும் சொன்னேன்.

எங்கே இருக்கும்? எங்கள் கம்ப்யூட்டரில் இடம் கொஞ்சம். ஒரு குடும்பத்தைச் சிடியில் பதிந்ததும் அழித்துவிட்டுத்தான் அடுத்த குடும்பத்தை ஏற்ற முடியும். கேமராவில் ஓடிய கேசட்டிலும் அடுத்த வீட்டை மேலேயே பதிந்துவிடுவோம். கைவசம் இருந்த சிடிகளைப் போட்டுக் கேட்டேன். அவர் படம் பிடித்த வீடுகளுக்குப் போன் செய்து கேட்டேன். எல்லாவற்றிலும் வெட்டு அவ்வளவு சுத்தம். ஒரு செருமல்கூட மிஞ்சவில்லை. ஊரார் வீட்டு மழலையையும் கொட்டாவியையும் பொத்திப் பொத்திப் பார்த்த மனுஷி, தன்னைக் குப்பையாக வழித்துப் போட்டிருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன். திட்டி முடித்தபின் அறை இன்னும் பெரிதாகிவிட்டது.

செய்தி கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சேஷாத்ரி சாரும் ஒருவர். மயிலாப்பூர்க்காரர். மனைவி போனபின் தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். பிலோமினாவின் குரலை அவர் அம்மாவுக்காகத் தேடுகிறேன் என்று நான் சொன்னதும் நிமிர்ந்தார்.

“என் சிடில அவ இருக்காளே!”

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அவருக்குக் கேமராவைப் பார்த்துப் பேச வரவில்லை. எத்தனை முறை ஆரம்பித்தாலும் தொண்டையைக் கனைத்துவிட்டு நின்றுவிட்டார். கடைசியில் பிலோமினா கேள்வி கேட்க, அவர் பதில் சொன்னார். இங்கே வந்து கேள்விகளை வெட்டிப் பார்த்தால், “ஆமாம்”, “வத்தக்குழம்பு”, “இல்லே, அது அவ நட்டது” என்று பதில்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன. தன் குரலை வெட்டாமல் பிலோமினா விட்டுவைத்தது அந்த ஒன்றைத்தான்.

“அதைப் பையனுக்கு அனுப்பலையா சார்?” என்றேன்.

“அனுப்பலை. அவன்கிட்ட பேசறேன்னு ஆரம்பிச்சு, பிலோமினாவோட பேசிண்டிருந்துட்டேன். அவனுக்கு எதுக்கு அது? நான்தான் சாயங்காலத்துல போட்டுப் பார்த்துண்டிருப்பேன்.”

ஆட்டோவில் போய் எடுத்துவந்து கொடுத்தார். “நான் சொன்னதை மட்டும் எடுத்துடுங்கோ. கிழவன் புலம்பல் அந்தம்மாவுக்கு வேண்டாம்” என்றார்.

அவர் கேட்டபடி அவர் குரலை எடுத்தேன். ஆனால் அந்த இடைவெளிகளை மூடி ஒட்டவில்லை. ஒட்டிப் பார்த்தபோது கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிட்டது. அவர் பேசிய நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கும் மௌனமாக விட்டேன். குப்பத்து வீட்டில் டேப் ரிக்கார்டர்தான் உண்டு என்பதால், கம்ப்யூட்டரிலிருந்து அதை ஓர் ஆடியோ கேசட்டுக்கு இறக்கினேன். இத்தனை வருடத்தில் இப்படித் திசைமாறி ஒரு வேலை செய்தது அன்றுதான்.

பூசைக்கு முதல்நாள் ஊரூர் குப்பத்துக்குப் போனேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தோணி கேசட்டைப் போட்டார்.

“இன்னிக்கி இன்னா சாப்டீங்க?” என்றது பிலோமினாவின் குரல்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். “கஞ்சிதாம்மா” என்றார்.

“மருந்து சாப்டறீங்களா, இல்ல ஏமாத்தறீங்களா?”

“சாப்டறேன். தோ, அந்தோணியக் கேளு.”

“தனியாவா கீறீங்க?”

“ஏன்மா, தம்பி கூடத்தான கீறான். அவன் நல்லாத்தான் பாத்துக்கறான். நீ கெளம்பு, மழ வர்ற மாரி கீது.”

அந்தோணி வாசல்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டேன். கேசட் முடியும்வரை தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிடியை சேஷாத்ரி சாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிலோமினாவின் பொருள் என்று என்னிடம் இருப்பது, அந்த ஆடியோ கேசட்டின் ஒரு பிரதி மட்டும்தான். கடையைப் பூட்டுவதற்குமுன் சில நாட்கள் அதைப் போடுகிறேன். எனக்கென்று அவர் கேட்காத கேள்விகள்தான், ஆனாலும் பதில் சொல்கிறேன். இட்லி, சாப்பிட்டேன், மறந்துவிட்டேன்.

“தனியாவா கீறீங்க?” என்கிறார்.

“ஆமாம் பிலோமினா.”

அந்தக் கேள்விக்குத்தான் சேஷாத்ரி சார் அதிக நேரம் பேசியிருக்கிறார். என் பதில் உடனே முடிந்துவிடுகிறது. இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று பிலோமினா காத்துக்கொண்டிருக்கிறார்.