உள்ளேயிருந்து திறக்கும் சுவர்

"கண்ண மூடுங்கம்மா. இப்ப கைய கீழ கொண்டு போங்க. இன்னும் கீழ. அவசரமில்ல."

நடிகை கண்ணை மூடிக்கொண்டு லிஃப்ட்டின் பின்சுவரைத் தடவுகிறார். கைப்பிடிக் கம்பிக்கு ஒரு சாண் கீழே, சுவரின் நிறத்திலேயே சாயம் பூசிய ஒரு கொண்டி இருக்கிறது. கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்து அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். முழுச் சுவரும் கதவாகி வெளிப்பக்கம் திறந்துகொள்கிறது.

"ஆச்சா? இன்னும் ரெண்டு தடவ."

பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மனிதர் மூன்று தடவை முடியாமல் யாரையும் விடுவதில்லை. ஒரு பெரிய கதாநாயகன் "எனக்கெதுக்குய்யா இதெல்லாம்" என்று சிரித்தாராம். "பேயி ஆளு பாத்தா சார் வருது? கண்ண மூடுங்க" என்று அவர் விரலையும் பிடித்து அந்தக் கொண்டியில் வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

படப்பிடிப்புத் தளத்தில் இவருக்குப் பெயர் 'பெட்டி'. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணே' சேர்த்துக்கொள்கிறார்கள். தொழில் தச்சு. ஆனால் மேசை, நாற்காலி என்று யாராவது வாயெடுத்தால் முகம் சுளிப்பார். முன்பின் தெரியாத ஐந்து பேர் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள், விளக்கு அணையும், திரும்ப எரியும்போது ஒருவர் குறைந்திருப்பார், மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் மனிதரே இல்லை என்று தெரியவரும். அந்த மாதிரிப் படங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கான 'ஓரிடம்' செய்து தருவதுதான் இவர் வேலை. இதுவரை ஏழு லிஃப்ட், இரண்டு வங்கிப் பெட்டக அறை, ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் வயிறு, கூரை இடிந்த ஒரு சுரங்கம். எனக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தவற்றில் பாதி இவர் பெட்டிகள் என்று தெரிந்தபோது, இயக்குநரைப் பேட்டி எடுக்க வந்தவன் நோட்டுப் புத்தகத்தோடு இவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

பெட்டி செய்வது என்றால் லேசில்லை. எட்டடி உயரத்தில் ஒட்டுப்பலகை, அதன்மேல் எஃகு மாதிரி பளபளக்கும் தகடு, உட்புறம் வெளியே உள்ள சத்தம் கேட்காமல் இருக்கப் பஞ்சு. முன்கதவை வெளியே இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்தால்தான் நகரும். பின்சுவர் மட்டும் கீலில் நிற்கும், கேமரா உள்ளே போய்வர. தரைக்கு அடியில் காற்றடித்த நான்கு லாரி டியூப்புகள். பேய் வரும் நேரத்தில் மூலைக்கு ஒருவராக நின்று உலுக்குவார்கள்.

"பேய்ன்னா என்ன சார் பெரிய பேயி? நாலு ஆளு, நாலு டியூப்பு" என்கிறார் பெட்டி. உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். "வந்தா வரட்டுமே. உள்ள வந்தது திரும்பிப் போகவும் வழி வேணுமில்ல? அதுக்கும் சேத்துதான் கொண்டி."

இவருடைய மனைவியிடம் பேசினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. படம் வெளியானதும் இருவரும் திரையரங்குக்குப் போவார்களாம். அரங்கமே அலறும் நேரத்தில் இவர் எழுந்து நின்று, "அந்த மூலைல ஒட்டு தெரியுது பாத்தியா, அப்பவே சொன்னேன்" என்று விரலை நீட்டுவாராம். "மானம் போவுதுங்க. வாயப் பொத்தி உக்கார வெப்பேன்." பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "எங்க வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கழட்டிட்டாரு. நானும் எம்பொண்ணும் பாட்டுப் பாடிக்கிட்டேதான் குளிக்கணும். பாட்டு நின்னுச்சுன்னா கதவத் தட்டுவாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இதற்குக் காரணம் என்ன என்று கேட்டதற்கு, "அவரையே கேளுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

கேட்டேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பதினோரு வருஷம் ஆச்சு. அதுவும் லிஃப்ட்டுப் படம்தான். மொதல்ல சாகுறது ஒரு பொண்ணு. செத்துக் கிடக்கணும், அவ்வளவுதான் வேஷம். தூரத்துல காட்ட ஒரு பொம்மை செஞ்சிருந்தாங்க. கிட்டக்கன்னா அந்தப் பொண்ணு. ரெண்டுக்கும் ஒரே துணி, ஒரே முடி. மூச்சு தெரியுது, மூச்சு தெரியுதுன்னு இயக்குநர் திட்டித் திட்டி, அது அசையாம கிடக்கப் பழகிடுச்சு. சாப்பாட்டுக்கு விட்டாங்க, எல்லாரும் ஓடுனாங்க. அது அப்படியே தூங்கிப் போச்சு. நான் எட்டிப் பாத்தேன் சார். பொம்மைதான்னு நெனச்சேன். உள்ள தூசி விழக் கூடாதேன்னு பின்சுவர வெச்சு ஆறு ஸ்க்ரூ முடுக்கிட்டு சாப்பிடப் போயிட்டேன்."

வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க ஒட்டிய பஞ்சு, உள்சத்தத்தையும் வெளியே விடவில்லை. முக்கால் மணி நேரம்.

"நான்தான் வந்து கழட்டுனேன். பொம்மை எழுந்து உக்காந்திருந்துச்சு சார். விரலெல்லாம் ரத்தம். என்னத் திட்டல, அழல. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வெளிய நடந்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் அதப் பாக்கல. ஆறு ஸ்க்ரூவும் நான் முடுக்குனது. எந்தப் பேய் மேல பழியப் போட?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் படம் எது என்று எனக்குத் தெரியும். பிணமாக நடித்த பெண் அசத்தியிருக்கிறார் என்று விமர்சனத்தில் எழுதியவன் நான்.

அன்றிலிருந்து இவர் செய்யும் எந்தப் பெட்டியும் உள்ளேயிருந்து திறக்கும். கேட்டாலும் வைப்பார், கேட்காவிட்டாலும் வைப்பார். கீல்களையும் கொண்டியையும் படக் கம்பெனி வாங்கித் தரும் வரை காத்திருப்பதில்லை, வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றைக் காலில் நிற்பார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த இயக்குநருக்கு மட்டும் தெரியாமல் போனது.

நான் சொல்லப்போவது எட்டாவது லிஃப்ட்டில் நடந்தது. இயக்குநர் கெட்டிக்கார இளைஞர், இது அவருக்கு இரண்டாவது படம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். நான் கேமராப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து நடிகர்களும் பத்தடி தள்ளி நாற்காலிகளில் இருந்தார்கள்.

"அண்ணே, அந்தக் கொண்டியக் கழட்டிட்டு சுவர ஸ்க்ரூ போட்டு முடுக்கிடுங்க" என்றார் இயக்குநர் தணிந்த குரலில். "அவங்களுக்குத் தெரிய வேணாம். உள்ள அனுப்பி வெளிச்சத்த அணைச்சிட்டு இருபது நிமிஷம் அப்படியே விடப் போறேன். இருட்டுலயும் மொகம் தெரியுற கேமரா நாலு உள்ள ஓடும். கொண்டியத் தேடுவாங்க, இருக்காது. அந்த மொகம் எனக்கு வேணும். நடிச்சு வராதுண்ணே அது."

ரம்ப இயந்திரத்தின் பக்கத்திலேயே வருடக்கணக்கில் நின்றதில் பெட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கு ரகசியம் பேச வராது. தன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவருக்கே தெரியாது.

"கொண்டியக் கழட்டி, அவங்களுக்குச் சொல்லாம உள்ள வெச்சுப் பூட்டணுமா?" என்று அவர் கேட்டது தளம் முழுவதும் கேட்டது. ஐந்து நாற்காலிகளிலும் பேச்சு நின்றது.

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. "மெதுவாப் பேசுங்கண்ணே."

"மெதுவாத்தான் பேசுறேன். முடியாது சார்."

"இருபதே நிமிஷம்."

"அவங்க பயந்தா நீங்க படம் எடுப்பீங்க. மூச்சு அடைச்சா யாரு வெளிய எடுப்பா? சொல்லிட்டுப் பூட்டுனா நடிப்பு. சொல்லாமப் பூட்டுனா அதுக்குப் பேரு வேற. அப்படி ஒரு பெட்டி நான் செஞ்சாச்சு, இன்னொண்ணு செய்ய மாட்டேன்."

மேனேஜர் ஓடிவந்தார். நல்ல மனிதர், கையைப் பிசைந்தார். "அண்ணே, ஒம்போது வருஷமா இந்தக் கம்பெனி சோறுதான நாம திங்கிறோம். பொண்ணு காலேஜு சேர்ற நேரம். கொஞ்சம் யோசிங்கண்ணே."

"யோசிச்சுத்தான் கொண்டி வெச்சேன்."

இயக்குநருக்கு இப்போது கோபம் தலைக்கேறியிருந்தது. ரகசியமும் போனது, கௌரவமும் போகிறது என்றால் யாருக்குத்தான் ஏறாது! "இந்தக் கம்பெனியோட அடுத்த மூணு படத்துலயும் நீங்க இல்ல. இப்பவே சொல்லிட்டேன். ஸ்க்ரூ முடுக்க ஊர்ல வேற ஆளா இல்ல? யாருப்பா அங்க, ரெண்டு பேரு வாங்க!"

இரண்டு பேர் வந்தார்கள். பெட்டியிடம் வேலை பழகியவர்கள்தான், தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் இவர் பின்சுவரிடம் போய்விட்டார். சுத்தியலின் பிடியால் கீழிருந்து ஒரு தட்டு. கீலின் கம்பி மேலே எழும்பியது, உருவினார். இரண்டாவது. மூன்றாவது. மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று ஆள் தூக்கும் சுவரைத் தோளில் சாய்த்து, ஓர் அடி, இன்னோர் அடி என்று தனியாகவே நகர்த்தி, தளத்தின் நட்டநடுவே தரையில் கிடத்தினார். லிஃப்ட் முதுகைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த டியூப்லைட் வெளிச்சத்தில் அது ஒரு சாதாரணப் பலகைக் கூடு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆளு இருக்காங்க சார். சுவருதான் இல்ல" என்றார் மூச்சு வாங்க.

"யோவ், அது கம்பெனி மரம்யா!"

"மரம் கம்பெனியோடது. கீலும் கொண்டியும் என்னோடது. எடுத்துட்டுத்தான் போவேன். மூச்சு வாங்குது, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எடுக்குறேன்."

சொன்னபடியே அந்தச் சுவரின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பயமில்லை என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் பயம் இருந்திருக்கும். இந்த வருடம் மகள் கல்லூரியில் சேர வேண்டும், அடுத்த மாதம் வேலை எங்கே என்று இந்த நிமிடம் அவருக்குத் தெரியாது. அப்படியும் அவர் எழவில்லை. நான் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இயக்குநர் தொலைபேசியை எடுத்தார், யாரையோ கூப்பிட்டார், பாதியில் வைத்தார்.

காலையில் மூன்று தடவை கண்ணை மூடித் திறந்த அந்த நடிகை நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராக நடந்து வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் பக்கத்தில் அந்தச் சுவரின்மேல் உட்கார்ந்தார். பெட்டி சங்கடத்தோடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பிறகு நிமிர்ந்து, எழுந்து நின்றுகொண்டிருந்த மற்ற நான்கு நடிகர்களையும் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரின் ஓரம் வரைக்கும் நகர்ந்து உட்கார்ந்தார்.