பெரியப்பாவும் பழனி நடையும்

அந்த வருஷம் நாங்கள் பழனிக்கு நடப்பதா இல்லையா என்பது எங்கள் பெரியப்பாவின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன் அவர். மார்கழி பிறந்ததிலிருந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் மலை ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தைப்பூசத்துக்கு முன்னால் அவர் கண்ணை மூடிவிட்டால் எங்கள் நடையும் அதோடு மூடிவிடும்.

வேண்டுதல் என் மனைவியுடையது. எங்கள் மகள் கக்குவான் இருமலில் மூச்சு முட்டி நீலம் பாரித்துக் கிடந்தபோது, நடந்தே வந்து குழந்தைக்கு மொட்டை போடுகிறேன் என்று அவள் முருகனிடம் சொல்லிவிட்டாள். குழந்தை பிழைத்தது. ஆனால் முதல் வருஷம் இவள் டைபாய்டில் படுத்தாள். அடுத்த வருஷம் இண்டூரில் ஒரு பங்காளி போய்ச் சேர்ந்தார். இது மூன்றாவது வருஷம். மார்கழிப் பனியில் குழந்தை மறுபடி இருமத் தொடங்கியிருந்தது. ஒவ்வோர் இருமலுக்கும் அவள் திரும்பி என்னை முறைப்பாள். முருகனை முறைக்க முடியாதல்லவா, நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நல்லம்பள்ளியில் ஒரு தையல் மிஷின் போட்டு, ஊராருடைய சட்டைகளை அளவு மாற்றித் தைத்துப் பேர் வாங்கியிருந்தேன். நடைக்கான திட்டமெல்லாம் என் கடையில்தான் நடந்தது. எங்கள் குருசாமி டீக்கடை வைத்திருந்தவர், பழனிக்குப் பல தடவை நடந்தவர். தொப்பூர்க் கணவாய் இறங்கும்வரை சுகம் என்பார். ஈரோடு தாண்டினால் ரோடே தெரியாது, தலைதான் தெரியும். கிணற்றடி, சத்திரம், புளியமரத்து நிழல் எல்லாவற்றையும் நமக்கு முன்னால் போனவன் பிடித்திருப்பான். அதனால் அரிசி, பாத்திரத்தோடு ஒரு மாட்டு வண்டி முன்னாலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். நடக்க முடியாத குழந்தைகளும் அதில்தான்.

"கூட்டத்துல ஆள் தொலைஞ்சா தேடறது கஷ்டம் சாமி. எல்லாரு முதுகுலயும் ஒரே துணியில ஒட்டுப் போட்டுடு. தூரத்துல இருந்தே தெரியோணும்" என்றார் குருசாமி.

தெரியத்தான் வேண்டும் என்று, யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன ஜன்னல் திரையை வெட்டினேன். சிவப்புத் துணியில் சொம்பு அளவுக்கு மஞ்சள் பூ. முதல் ஒட்டைக் குருசாமி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"முருகனே பயந்துக்குவாருபா" என்றார்.

இந்த வேடிக்கையெல்லாம் கடையில்தான். வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே மனைவி என்னைத் துரத்துவாள்.

"ஏங்க, போயி பெரியமாமாவப் பாத்துட்டு வாங்க."

"நேத்து சாயந்தரம்தானே பாத்தேன்."

"நேத்து இருந்தாரு. இன்னிக்கி?"

கேழ்வரகுக் கூழோடு போவேன். வாசலில் நின்று முதலில் அவர் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறி இறங்கினால் எனக்கும் மூச்சு வரும். ஒரு நாள் வெகுநேரம் போர்வை அசையவே இல்லை. குனிந்து மூக்கில் விரலை வைக்கப் போனேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"என்னாடா, இன்னும் போவலியான்னு பாக்கறியா, போயிருவனோன்னு பாக்கறியா?"

"கூழ் கொண்டாந்தேன் பெரியப்பா."

"முந்தியெல்லாம் என் வூட்டுப் பக்கமே வரமாட்ட. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வர்ற. தெரியுண்டா, தைப்பூசம் வருது."

நான் கூழைக் கலக்கினேன். கலக்கிய கூழையே மறுபடி கலக்கினேன்.

பொங்கல் நெருங்கியதும் அவருக்கு இழுப்பு அதிகமானது. ஒரு நாள் என் மனைவி குருசாமியையே நேரில் போய்க் கேட்டுவிட்டாள். அவர் ஒரு வழி சொன்னார். நடைக்கு முன்னால் கட்டுகிற மஞ்சள் காப்பைச் சீக்கிரமே கட்டிவிடலாம். காப்பு கட்டியவர்களைத் தீட்டு தொடாது. ஆனால் அவர்கள் சாவு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, கோயில் போய்த் திரும்பும்வரை. வெள்ளிக்கிழமை கட்டுவதென்று முடிவாயிற்று. எனக்கு மலையே இறங்கினாற்போல் இருந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. சொல்ல நான் தேர்ந்தெடுத்த ஆள் பெரியப்பா. என் புத்தி அவ்வளவுதான்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"நல்லதுடா. காப்பு கட்டிட்டீன்னா எனக்கு யாரு கொள்ளி வெக்கறது?"

அவருக்கு ஒரே மகள், ஏரியூரில் கட்டிக்கொடுத்தது. மகன் இல்லாதவருக்குப் பங்காளி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். எங்கள் தலைமுறையில் அது நான்தான் என்று பெரியவர்கள் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். திரைச்சீலைப் பூ வரைக்கும் யோசித்த எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. குழந்தை உள்ளே இருமியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"வேண்டிக்கிட்டது நானுதானே" என்றாள். "நான் கட்டிக்கறேன். நீங்க இருங்க."

"தனியாவா? அந்தக் கூட்டத்துலயா?"

"குருசாமி சம்சாரம் வருது. வண்டி வருது. அதான் பெருசா ஒரு பூவு தெச்சு வெச்சிருக்கீங்களே, எப்படித் தொலைவேன்?"

வெள்ளிக்கிழமை அவள் கையிலும் குழந்தை கையிலும் மஞ்சள் காப்பு ஏறியது. என் கை வெறுங்கையாக இருந்தது. நடை தொடங்கிய அன்று தொப்பூர்வரை கூடவே போனேன். அங்கேயே பல ஊர்க் கூட்டங்கள் சேர்ந்து ரோடு நிறைந்துவிட்டது. வண்டியில் இருந்து குழந்தை கையாட்டியது. கணவாய் இறக்கத்தில் மற்ற ஊர்க்காரர்களெல்லாம் ஒரே காவி நிறமாகிப் போன பிறகும் எங்கள் ஆட்கள் முதுகில் அந்த மஞ்சள் பூ மட்டும் ஆடிக்கொண்டே போனது. என் தையல் வேலையில் அதைப்போல உருப்படியான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை.

அதன்பிறகு நான் பெரியப்பா வீட்டிலேயே கிடந்தேன். அவர் பேசுவது குறைந்துவிட்டது. பேசினால் ஒரே கேள்விதான்.

"எங்க போயிருப்பா?"

"சங்ககிரி தாண்டியிருப்பாங்க."

மறுநாள் அதே கேள்வி. பவானி ஆறு, ஈரோடு, காங்கேயம் என்று நான் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் சொல்லிக்கொண்டே வந்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஊரை ஒன்று முன்னால் தள்ளிச் சொன்னேன். என் கணக்குப்படி நடந்திருந்தால் அவர்கள் பழனியைத் தாண்டிக் கேரளாவுக்கே போயிருப்பார்கள்.

தைப்பூசத்தன்று காலையில் அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் பாதி திறந்து, என் சட்டைப் பொத்தானில் நிலைகுத்தி நின்றது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறிட்டாளா?"

"ஏறியிருப்பாங்க பெரியப்பா. இந்நேரம் மொட்டை போட்டு முடிஞ்சிருக்கும்."

இனித் தன் வேலை முடிந்தது என்று அவர் கண்ணை மூடிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"சரி, எறங்கட்டும்" என்றார். "வண்டி இங்க வந்து சேரட்டும். கூழக் கொண்டாடா. நேத்து உப்பே இல்ல."