விரலை ஆட்டிய பெட்டி

நான் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். கன்வேயர் பெல்ட் என் வலது கையைத் தலைக்கு மேலே இழுத்து உதறிவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாதவனை எந்தக் காண்ட்ராக்டர் வேலைக்கு வைத்துக்கொள்வான்?

மறுநாள் ஆபரேஷன். கை மட்டும் மரத்துப்போக ஊசி போடுவதாகச் சொன்னார்கள். மயக்க மருந்து டாக்டரம்மா ஒரு சின்னப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தார். அதிலிருந்து இரண்டு ஒயர்கள். ஒன்று ஊசிக்கு, மற்றொன்று என் நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு. லேசான கரண்ட் விட்டு நரம்பைத் தேடுவார்களாம். கிளிப் அருகே ஒயர் பிய்ந்து பிளாஸ்டர் சுற்றியிருந்தது. மைன்ஸில் இப்படி ஒரு ஒயரைக் கண்டால் ஹெல்ப்பரைக் காய்ச்சி எடுத்திருப்பேன். இங்கே மல்லாந்து படுத்திருந்தேன்.

அக்குளில் ஊசி இறங்கியது. திடீரென்று விரல்கள் மடங்கின. விரிந்தன. மறுபடி மடங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆடுது மேடம். கை வந்துடுச்சு."

அவர் பெட்டியில் கரண்டைக் குறைத்தார். விரல்கள் நின்றுவிட்டன. அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்தது. மோட்டார் நின்றுபோனால் நாங்கள் நடுவில் ஓரிடத்தில் கேபிளைப் பிரித்து, வெளியிலிருந்து சப்ளை கொடுத்துப் பார்ப்போம். ஓடினால் அங்கிருந்து கீழே எல்லாம் நல்லபடி இருக்கிறது. பழுது அதற்கு மேலே. எத்தனையோ முறை அப்படிக் கண்டுபிடித்து சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"அப்ப மேல, கழுத்துகிட்ட அறுந்துபோச்சுங்களா?"

அவர் ஊசியைப் பிடித்தபடியே சொன்னார். "ஸ்கேன் பாக்கணும். ஆனா அப்படித்தாங்க தெரியுது."

"ஜாயின்ட் போட முடியாதுங்களா?"

"நரம்பு தண்டுவடத்துலேர்ந்து வேரோட பிடுங்கிட்டு வந்திருந்தா திரும்ப ஒட்ட முடியாதுங்க. கீழ இருக்கிற நரம்பும் செத்துக்கிட்டே வரும். இன்னும் கொஞ்ச நாள்ல இந்த மெஷின் வச்சாலும் ஆடாது."

பிறகு கை மரத்துப்போனது. எலும்பில் கம்பி வைத்தார்கள். ஸ்கேனும் அவர் சொன்னதையே சொன்னது.

ஆபரேஷன் தியேட்டரில் இருந்த டெக்னீஷியன் ஒருவர் வாய் சும்மா இருக்காமல், விரல் ஆடியதை என் மனைவியிடம் சொல்லியிருந்தார். வார்டு முழுக்க அவள் அதைச் சொல்லி முடித்திருந்தாள். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தினமும் என் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஆட்டுனீங்களே, இன்னொரு தரம் ஆட்டுங்க" என்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"நான் ஆட்டலடி. அந்தப் பொட்டிதான் ஆட்டுச்சு."

அவள் அழவில்லை.

"அப்ப அந்தப் பொட்டிய நாமளே வாங்கிடலாங்க. எங்க விக்குதுன்னு அந்த டாக்டரம்மாகிட்ட கேளுங்க."

டாக்டரம்மா சொன்ன அந்தக் கொஞ்ச நாள் அதற்குள் முடிந்துபோயிருந்தது.