அம்மா வாங்கிய மெமோ

குன்னத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு என் அம்மாவே தலைமையாசிரியையாக வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காம் வகுப்புக்கு நான் நடந்து போன நடையைப் பார்த்தால், பள்ளிக்கூடத்தையே அப்பா விலைக்கு வாங்கிவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் ஒரே வாரத்தில் அம்மா என் மானத்தை வாங்கிவிட்டார்.

முன்பிருந்த தலைமையாசிரியர்தான் என் கணக்கில் அசல் தலைமையாசிரியர். தாமதமாக வரும் வாத்தியார்களைப் பிள்ளைகள் பார்க்கக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்திவிடுவார். அவர் காலத்தில் எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். சாயங்கால மணி அடித்தால், எங்களை முந்திக்கொண்டு பஸ்ஸுக்கும் ஓடினார்கள்.

அம்மாவோ யாரையும் அதட்டவே இல்லை. மூன்றாம் வகுப்பு சார், பாடாலூரில் படுத்த படுக்கையாக இருந்த தன் தாய்க்குச் சமைத்துவைத்துவிட்டு, பெரம்பலூரில் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் பாதி முடிந்துவிடும். அதுவரை அம்மாவே போய்ப் பாடம் நடத்துவார்.

"அவரு வேலைய நீ ஏம்மா செய்யிற?" என்று கேட்டேன்.

"புள்ளைங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாதுல்ல," என்றார். இதெல்லாம் ஒரு அதிகாரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மூன்றாம் வகுப்பு சார் ஜீப்பைப் பார்த்துவிட்டார். அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு கெட்ட பெயர் வந்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனுஷன் பக்கத்துப் பருத்திக் காட்டில் புகுந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பருத்தி வெடித்துக் கிடந்த சமயம். வெள்ளைச் சட்டை அதில் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. மூன்றாம் வகுப்பும் நாங்களும் ஒரே கூடத்தில்தான் இருந்தோம். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் சட்டை, தலை, டிபன் கேரியர் எல்லாமே தெரிந்தன.

"மூணாங்கிளாஸ் வாத்தியார் எங்க?" என்று அதிகாரி கேட்டார். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அம்மா ஜன்னலை ஒரு முறை பார்த்தார். "அவங்க அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க சார். லேட்டா வாங்கன்னு நான்தான் சொல்லியிருக்கேன். அந்த வகுப்ப நானே பாத்துக்கிறேன்."

"அப்படிச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் குடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கலைங்க. எழுதுறதா இருந்தா என் பேர்ல எழுதிக்கங்க."

பருத்திச் செடிகள் அசைந்தன. சார் எழுந்து, தலையில் ஒட்டிய சருகோடு நேராக உள்ளே வந்து நின்றார். "டீச்சர் மேல எழுதாதீங்க சார். தப்பு என்னோடது," என்றார்.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள். அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அம்மாவின் பெயருக்கு ஒரு மெமோ வந்தது. சாருக்கு ஒன்றும் வரவில்லை. ஆசிரியர்கள் அத்தனை பேரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சார் கண் கலங்கி நின்றார். பரிசு கிடைத்தால்தானே இப்படியெல்லாம் நடக்கும்? வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் ஓடிப் போய், "எங்க அம்மாவுக்கு மெமோ குடுத்திருக்காங்க!" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் நல்லாயிருக்கட்டும் என்று வாழ்த்தினார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மட்டும் சிரித்தார். "சொல்லட்டும் விடுங்க. பொய்யா சொல்றா?"

மெமோ என்பது அரசாங்கம் தலையில் வைக்கும் குட்டு என்று தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. தெரிந்த பிறகு பெருமை கூடித்தான் போயிற்று.

மெமோ வந்த அடுத்த மாதமே சார் ஒரு மாட்டுவண்டியில் தன் தாயையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வந்து, பள்ளிக்குப் பின்னாலேயே வாடகைக்குக் குடிவந்துவிட்டார். எங்களுக்கு முன்பே பள்ளிக்கு வந்துவிடுவார். வெங்காயம் பிடுங்கப் போன பிள்ளைகளைக் காட்டுக்கே போய் அழைத்து வருவார். பொழுது சாயும்வரை அவர்களுக்கு விட்ட பாடத்தை நடத்துவார். அதிகாரி கொடுத்த தண்டனைதான் இது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நோயாளித் தாயோடு இந்தப் பட்டிக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

"பாவம்மா சாரு," என்று அம்மாவிடம் சொன்னேன். "உனக்குக் குடுத்த மாதிரி அவருக்கும் ஒரு மெமோ குடுத்திருக்கலாம்ல."