பிரித்துப் பார்த்த கப்பல்

மடிப்பக்கா என்று சொன்னால்தான் தெருவில் அவளைத் தெரியும். அச்சகத்தில் ஒன்பது வருடம் அட்டைப்பெட்டி மடித்தவள். அச்சகத்தை மூடியதும், விரித்தால் உள்ளிருந்து காகித உருவம் எழுந்து நிற்கிற வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே செய்யத் தொடங்கினாள். வெட்டுவது அவள், ஒட்டுவது நாத்தனார். நாத்தனார் இல்லையென்றால் பாதித் தொழிலும் இல்லை, வீட்டில் பேச்சுத்துணையும் இல்லை.

ஒரு நாள் கடைத்தெருவில் மடிப்பக்கா தன்னுடைய காகிதக் கப்பலைப் பார்த்தாள். யாரோ செய்த அட்டை. ஆனால் அதே மூன்று பாய், அதே சாய்வு. நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த மடிப்பு! வெட்டும் அளவெல்லாம் வரைந்த மாதிரித்தாள் இருப்பதோ பூட்டிய பீரோவுக்குள். தன்னைத் தவிர, சாவி இருக்கும் இடம் தெரிந்தவள் நாத்தனார் ஒருத்திதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் அவசரமாகப் போனை வைத்தாள்.

"யாரு?"

"பல் டாக்டர், அண்ணி."

"பல் டாக்டர்கிட்ட இவ்வளவு சிரிப்பா?"

"போன்லயும் வாயைத் திறக்கச் சொல்றாரு, என்ன பண்றது?"

வேறு நாளாக இருந்தால் இவளும் சிரித்திருப்பாள். நாத்தனார் காலில் புதுச்செருப்பு கண்ணில் பட்டது. அன்றே சாவி இடம் மாறியது.

"பீரோவப் பூட்டிட்டு சாவிய எங்க வச்சீங்க, அண்ணி?"

"பூச்சி வருது."

"பூட்டுக்குப் பயப்படற பூச்சியா? பரவாயில்லையே."

மூன்று நாள் வாயைத் திறந்து கேட்கவும் முடியாமல், மென்று விழுங்கவும் முடியாமல் தவித்தாள். நான்காம் நாள் அந்த அட்டையை வாங்கி வந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு மெல்லப் பிரித்தாள். கப்பலின் அடியில் பசை தடவுகிற ஓரத்தில் ஒரு மூலை கோணலாகக் குறைந்திருந்தது. மாதிரித்தாளில் அந்த ஓரம் முழுச்சதுரம். தன் அட்டை ஒன்றை எடுத்து வெடுக்கென்று பிய்த்தாள். நாத்தனார் ஒட்டிய ஒட்டு விடவில்லை, காகிதம்தான் கிழிந்தது. அதே மூலை, ஏறக்குறைய அதே கோணல்.

தான் விற்ற அட்டையை எவனோ வாங்கிப் பிய்த்து, கிழிந்த துண்டை அப்படியே வரைந்திருக்கிறான். மாதிரித்தாள் கையில் இருப்பவளுக்கு இந்தக் கோணல் எதற்கு?

"என்ன அண்ணி, நம்ம அட்டையை நீங்களே கிழிக்கறீங்க?" வாசலில் நாத்தனார்.

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. நாத்தனார் இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள்.

"இது கிடைக்கலேன்னா, நான்தான்னு முடிவு பண்ணியிருப்பீங்க, இல்ல?"

இவள் சாவியை எடுத்து நீட்டினாள். நாத்தனார் வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்கார்ந்து பசை தடவ ஆரம்பித்தாள்.