அடுப்புக் கதவின் கயிறு

வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை. இலை உலர்த்த வெப்பம் தரும் விறகு அடுப்பின் இரும்புக் கதவில், புகை கசியாமல் இருக்க, விளிம்பைச் சுற்றித் தீப்பிடிக்காத தடித்த கயிறு ஒன்று பதிந்திருக்கும். அது தேய்ந்தால் புகை வெளியே வரும். தேயிலையில் புகைவாசம் ஏறிவிடும். அதனால் வாரம் ஒருமுறை அடுப்பு ஆறியபின் நானே சோதிப்பேன். கதவிடுக்கில் காகிதத்தை வைத்துச் சாத்தி இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் நல்லது, உருவிக்கொண்டு வந்தால் கயிறு போச்சு. அரை விரல் அகலம் விட்டுப்போனதற்கு மொத்தத்தையும் பிய்த்து மறுபடி ஒட்டவைத்திருக்கிறேன். இதில் நான் பொல்லாதவன் என்று பெயர்.

குளிருக்காக எங்கள் குவார்ட்டர்ஸிலும் அதே மாதிரி ஒரு சின்ன இரும்பு அடுப்பு உண்டு. போன மழைக்காலத்தில் மனைவி சொன்னாள்: "ஏனுங்க, அடுப்புக் கதவு லூசா இருக்குதுங்க. ஊடெல்லாம் பொகை."

"ஈர வெறகப் போட்டா பொகையாம என்ன பண்ணும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஐப்பசியில் அவளுக்கு இருமல் பிடித்தது. கார்த்திகையில் மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "ஊட்டுல பொகை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர்."

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தேன். கயிறு பாதிக்குமேல் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் கருகிய துணிப்பட்டைகள். பழைய சென்னிமலைப் போர்வையைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, தினமும் நான் வருவதற்கு முன் அடைத்து வைத்திருக்கிறாள். மறுபடி சொன்னால் கத்துவேன் என்று பயம்.

கோயம்புத்தூர் போய்க் கயிறு வாங்கி வந்து ஒட்டினேன். பசை காய்ந்ததும் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி, "இப்ப இழுத்துப் பாரு" என்றேன். இழுத்தாள். வரவில்லை.

"இத அன்னிக்கே செஞ்சிருக்கலாமுங்க" என்றாள்.

கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினாள்.